பச்சை ஸாக்கு: எம்.ஜி. 2.0 கிட் வாங்கலாமா?

கன்ப்லா, அதாவது ‘கன்டம்’ அனிமே தொடரின் ரோபோக்களைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்டிக் மாடல்கள் பக்கம் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கை வைப்பது வெள்ளை, நீலம், சிவப்பு அடித்த ஹீரோ ரோபோ கன்டமின் மேல்தான். பெட்டியே கண்ணைப் பறிக்கும், தப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஒரு மாஸ்டர் கிரேடு (சுருக்கமாக எம்.ஜி., நுணுக்கம் அதிகமுள்ள 1/100 வரிசை) கிட் வாங்கத்தான் காசு இருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், வில்லன் பக்கம் போங்கள் என்பேன். அதிலும் ரசிகர்கள் கொண்டாடுகிற சிவப்பு ஸாக்குவை விட்டுவிட்டு, பெயர் தெரியாத சிப்பாய்கள் ஓட்டுகிற சாதா பச்சை ஸாக்குவை எடுங்கள் என்பேன். ஜப்பானிய பொம்மை நிறுவனமான பண்டாய் 2007-இல் கொண்டுவந்த 1/100 எம்.ஜி. ஸாக்கு 2.0 பற்றித்தான் சொல்கிறேன். வயதான கிட்தான், இருந்தாலும் எம்.ஜி. வரிசையில் எதிரி ரோபோ என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1979 ஏப்ரலில் ஜப்பானில் நகோயா டிவியில் ‘மொபைல் சூட் கன்டம்’ ஆரம்பித்தபோது ராட்சத ரோபோ தொடர்கள் என்றால் ஒரு வாய்ப்பாடு இருந்தது. 1972-இல் வந்த ‘மஸிங்கர் ஸெட்’ போட்ட பாதை அது. டாக்டர் ஹெல் வாராவாரம் ஒரு புது இயந்திர மிருகத்தை அனுப்புவார், ஹீரோ அதைத் துவம்சம் பண்ணுவார், அடுத்த வாரம் வேறு கொம்பு வேறு வாலோடு இன்னொன்று வரும். வில்லன் ரோபோவுக்கு ஆயுசு ஒரு எபிசோடு. அதை யாரும் இயந்திரமாகப் பார்க்கவில்லை, அசுரனாகத்தான் பார்த்தார்கள். இயக்குநர் யோஷியுகி டோமினோவும் மெக்கானிக்கல் டிசைனர் குனியோ ஓகாவராவும் ஸாக்குவில் செய்தது இதற்கு நேர் எதிர். ஒரே மாதிரி ரோபோ, ஃபேக்டரியில் மொத்தமாகச் செய்தது, ஒரு ராணுவமே அதை ஓட்டுகிறது, ஒன்று போனால் அதே பச்சையில் அடுத்தது வந்து நிற்கும். முகத்தில் வாயும் இல்லை மூக்கும் இல்லை, விஷவாயு முகமூடி மாதிரி முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பகுதியும், கறுப்புப் பட்டைக்குள் இப்படியும் அப்படியும் ஓடுகிற ஒற்றைக் கண்ணும்தான். சிரிக்கவும் சிரிக்காது, கோபப்படவும் செய்யாது.

முதல் எபிசோடு இதற்கு நல்ல உதாரணம். சைடு 7 என்கிற விண்வெளிக் காலனிக்குள் மூன்று ஸாக்குகள் வேவு பார்க்கத்தான் வருகின்றன, தாக்கச் சொல்லி உத்தரவே இல்லை. அதில் ஜீன் என்கிற சிப்பாய்க்கு மட்டும் பதவி உயர்வு ஆசை, மேலதிகாரி பேச்சைக் கேட்காமல் சுட ஆரம்பிக்கிறான், அங்கிருந்துதான் கதையே கிளம்புகிறது. உலகத்தை ஆளப் புறப்பட்ட அசுரன் கிடையாது, அவசரப்பட்ட ஒரு இளம் சிப்பாய், அவ்வளவுதான். அவன் சுட்ட குண்டு கன்டமின் மேல் பட்டு ஒன்றும் ஆகவில்லை என்றதும் அவனுக்கே உதறல் எடுக்கிறது. அதே ஸாக்கு ரகத்தைத்தான் போரின் முதல் வாரத்தில் வில்லன் தரப்பான ஸீயோன் ராணுவம் காலனிகளை அழிக்கவும், ஒரு காலனியையே பூமியின் மேல் தள்ளிவிடவும் பயன்படுத்தியது, மனித குலத்தில் பாதி செத்தது என்று தொடரின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். வில்லத்தனத்தில் இதைத் தாண்டி ஒரு இயந்திர மிருகமும் போனதில்லை.

சரி, கிட்டுக்கு வருவோம். கதைப்படி ஸாக்குவின் உயரம் 17.5 மீட்டர், 1/100 அளவில் இதுவும் கிட்டத்தட்ட 17.5 சென்டிமீட்டர். கோந்து வேண்டாம், பெயின்ட் அடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, பாகங்கள் அந்தந்த நிறத்திலேயே வார்த்து வருகின்றன. வெளிர்ப் பச்சை, கரும்பச்சை, உள்ளே சாம்பல். முதலில் எலும்புக்கூடு மாதிரி உள் ஃப்ரேம் கட்ட வேண்டும், அதன் மேல்தான் கவசம் ஏறும். கால் ஃப்ரேமை மட்டும் கட்டி முடித்து முழங்காலை மடக்கிப் பாருங்கள், உள்ளே ஒன்றோடொன்று நகர்கிற பாகங்கள் எல்லாம் கவசம் போட்டதும் வெளியே தெரியாது. தெரியாத இடத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்களே என்று எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. மூடாமல் அப்படியே வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றும், ஆனால் கவசம் இல்லாத ஸாக்கு ஸாக்கு மாதிரியே இருக்காது.

இதில் நிறையப் பேர் புலம்புகிற இடம் பைப். ஸாக்குவுக்கு முகத்தில், இடுப்பில், கால்களில் வெளியே தெரிகிற மாதிரி குழாய்கள் ஓடும், அதுதான் அதன் அடையாளமே. இந்த 2.0-வில் அந்தக் குழாய்களை ஒரே துண்டாக வார்த்து ஏமாற்றவில்லை. ஒரு மெல்லிய ஸ்பிரிங், அதன் மேல் குட்டிக் குட்டி வளையங்கள். ஒவ்வொன்றையும் ரன்னரிலிருந்து (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வருகிற பிளாஸ்டிக் சட்டம்) வெட்டி, காம்பு இருந்த தழும்பைச் சுரண்டி, பாசிமணி கோர்ப்பது போல வரிசையாகக் கோர்க்க வேண்டும். சில வளையங்களுக்கு முன் பின் உண்டு, மாற்றிப் போட்டால் வரிசையில் துருத்திக்கொண்டு நிற்கும். ஒன்று கைதவறி விழுந்தால் டைல்ஸ் தரையில் எங்கே உருண்டு போகும் என்று சொல்லவே முடியாது, அதனால் கீழே ஒரு வெள்ளை வேட்டியையோ தட்டையோ விரித்துவைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் என்ன என்றால், இடுப்பைத் திருப்பும்போது அந்தக் குழாய் நிஜமாகவே வளைகிறது, வளையங்களுக்கு நடுவே இடைவெளி விரிந்து சுருங்குகிறது. முதல் எபிசோடில் கன்டமை ஓட்டுகிற ஹீரோ அமுரோ அதன் கையால் ஸாக்குவின் முகக் குழாயைப் பிடித்துப் பிய்த்தெடுக்கிற காட்சி ஞாபகம் இருப்பவர்களுக்கு இந்தக் குழாயைக் கோர்க்கும்போது கொஞ்சம் பாவமாகவே இருக்கும். எவ்வளவு வேலை தெரியுமா அது, இப்படி ஒரே இழுப்பில் பிய்த்துவிட்டானே!

அடுத்தது கண். தலையை இடது வலது திருப்பினால் உள்ளே இருக்கிற ஒற்றைக் கண்ணும் சேர்ந்து நகரும். பேட்டரி, மோட்டார் எதுவும் கிடையாது, உள்ளே இணைப்பு அப்படி. கட்டி முடித்து மேஜை மேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று நினைத்தால் நடக்காது, போகிற போக்கில் கை தானாக அந்தத் தலையைத் திருப்பும். கண்ணை ஓர் ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் உங்களைச் சந்தேகமாகப் பார்க்கிற மாதிரி இருக்கும், நடுவில் வைத்தால் குறி வைக்கிற மாதிரி. ஹீரோ ரோபோக்களுக்கு இரண்டு கண், முகவாய், நெற்றியில் வி வடிவக் கொம்பு எல்லாம் இருந்தும் என்ன, எப்படி நிறுத்தினாலும் ஒரே கம்பீர முகம்தான். கோடு மாதிரி ஒரு பட்டையும் ஒரு புள்ளியும் மட்டும் வைத்துக்கொண்டு ஸாக்கு காட்டுகிற பாவனை அதுகளுக்கு வராது.

நிற்கிற விதமும் அப்படித்தான். வலது தோளில் கேடயம், இடது தோளில் முள் வைத்த உருண்டைக் கவசம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் சும்மா நிறுத்தினால்கூடச் சண்டைக்கு நிற்கிற களை வந்துவிடுகிறது. முழங்கால் நன்றாக மடங்கும் என்பதால் ஒரு காலை ஊன்றி மண்டிபோட வைத்து பஸூக்காவைத் தோளில் சாய்த்துப் பாருங்கள், எனக்குப் பிடித்த போஸ் அதுதான். மெஷின் கன், பஸூக்கா, ஹீட் ஹாக் என்கிற கோடாலி மூன்றும் இருப்பதால் ஆயுதத்துக்குப் பஞ்சமில்லை. உடம்பில் ஹாட்ச் திறந்து உள்ளே காக்பிட் தெரியும். அதில் உட்கார்கிற பைலட் பொம்மை விரல் நகத்தைவிடச் சின்னது, அதற்கு பெயின்ட் அடிக்க நல்ல கண்ணும் அதைவிட நல்ல பொறுமையும் வேண்டும். எனக்கு இரண்டும் போதாது, அப்படியே உட்கார வைத்துவிட்டேன்.

குறை சொல்ல வேண்டுமென்றால் கையைச் சொல்வேன். அந்தக் காலத்து எம்.ஜி. கிட்டுகள் பலவற்றில் விரல்கள் தனித்தனியாக அசையும், பார்க்க ஜோர், ஆனால் கனமான ஆயுதத்தைக் கொடுத்து ரொம்ப நாள் நிறுத்திவைக்க இறுக்கம் போதாது. காட்சிக்கு வைக்கப் பிரச்சினை இல்லை, அடிக்கடி எடுத்து போஸ் மாற்றி விளையாடுகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். இன்னொன்று, இப்போது வருகிற புது கிட்டுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கவசத்தின் மேல் கோடுகளும் நுணுக்கங்களும் கம்மி. எனக்கு அது குறையாகப் படவில்லை, ராணுவ வண்டி மாதிரி மொழுக்கென்று இருப்பதுதான் ஸாக்குவுக்கு அழகு. அந்த மொழுக் கவசத்தின் மேல் நீங்களே கீறல், துரு, சேறு எல்லாம் வரைந்துகொள்ளலாம் என்பதும் ஒரு வசதி.

இங்கேதான் பச்சையா சிவப்பா என்கிற கேள்வி. சிவப்பு ஸாக்கு ஸீயோனின் பெயர்பெற்ற பைலட் ஷார் அஸ்னபிளுடையது, மூன்று மடங்கு வேகம் என்று பேர் போனது, இரண்டாவது எபிசோடில் கன்டமையே எட்டி உதைத்தது. நெற்றியில் தளபதிக் கொம்பும் உண்டு. உள் ஃப்ரேம் இரண்டுக்கும் ஒன்றுதான், கட்டுகிற அனுபவத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சிவப்பு என்கிறார்களே தவிர பாதி உடம்பு இளஞ்சிவப்பு. அதில் சேறும் புகையும் பூசினால் அழுக்கான ஹீரோ மாதிரி ஆகிவிடுகிறது. பச்சையில் பூசினால் போர்க்களத்திலிருந்து திரும்பி வந்த இயந்திரம். அதோடு சிவப்பு ஒன்று இருந்தால் போதும், கதையில் ஷார் ஒருவன்தானே. பச்சையை எத்தனை வாங்கி வரிசையாக நிறுத்தினாலும் கதைக்குப் பொருந்தும். ஆபத்தான யோசனைதான், பர்ஸ் தாங்காது.

இந்த வில்லன் பொம்மைக்கு எவ்வளவு மவுசு என்று பார்க்க வேண்டுமென்றால் ஓகாவராவின் சொந்த ஊரான டோக்கியோ புறநகர் இனாகிக்குப் போக வேண்டும். இனாகி-நகனுமா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 2016-இல் கன்டமுக்குச் சிலை வைத்தபோது கூடவே ஸாக்குவுக்கும் வைத்தார்கள். ஹீரோவுக்குச் சிலை வைப்பது எந்த ஊரிலும் நடக்கும், வில்லனின் அடியாளுக்கு யார் வைப்பார்கள்?

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். நல்ல நிப்பர் (பாகங்களை வெட்டுகிற கட்டர்) ஒன்று கட்டாயம், நகவெட்டியால் வெட்டினால் பச்சை பிளாஸ்டிக்கில் வெள்ளைத் தழும்பு விழும், அதைத் தேய்த்து எடுக்க உயிர் போகும். பளபளப்பு போக மேட் டாப்கோட் (மினுக்கம் இல்லாத மேல்பூச்சு ஸ்பிரே) அடித்தே ஆக வேண்டும், அடித்தால் பிளாஸ்டிக் பொம்மை என்கிற எண்ணமே போய்விடும். ஆனால் காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் ஸ்பிரே அடித்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், சென்னை மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் மழை இல்லாத நல்ல வெயில் நாளாகப் பார்த்து மதியத்தில் அடியுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் அனுப்பும் செலவும் சேர்ந்து விலை எங்கேயோ போய்விடும், ஆர்டர் போடும் முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பேக்கிங்கையும் கேட்டுக்கொள்வது நல்லது. எனக்கு அனுப்பியவர் பெட்டியை வெறும் பாலிதீன் கவரில் போட்டு அனுப்பியதில் மூலை நசுங்கித்தான் வந்தது. உள்ளே ரன்னர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பெட்டியைச் சேர்த்துவைக்கிறவர்களுக்கு மனசு ஆறாது.

முதல் முறையாக கன்ப்லா கட்டுகிறவர் என்றால் 1/144 ஹெச்.ஜி. (இன்னும் சின்ன, எளிய வரிசை) ஸாக்கு ஒன்றைக் கட்டிக் கையைப் பழக்கிவிட்டு இதற்கு வாருங்கள், விலையும் கம்மி, குழாய் கோர்க்கிற வேலையும் இல்லை. ஏற்கெனவே இரண்டு மூன்று கட்டியவர்கள் தயங்கவே வேண்டாம். இதைக் கட்டிப் பிடித்துப்போனால் அடுத்து 2009-இல் வந்த எம்.ஜி. கூஃப் 2.0 இருக்கிறது, நீல நிறம், கையில் சாட்டை, இதே ஃப்ரேமை வைத்துச் செய்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எம்.ஜி. வரிசை தொடங்கிய 1995-லேயே இன்னொரு ஸாக்கு வந்தது, பெயரும் அளவும் ஒன்றுதான், உள்ளே சரக்கு வேறு. நான் மேலே சொன்ன கோர்க்கிற குழாயும் முழு ஃப்ரேமும் வேண்டுமென்றால் பெட்டியின் மேல் 2.0 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.