பாப்கேட்டுக்கு ‘போர்டு போச்சு’ என்று சொன்னால் உடனே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைகளில் எரு அள்ள வண்டி விடுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். எனக்கு 1,38,000 ரூபாயும் ஐந்து வார வாடகையும் போய்விட்டது. கடைசியில் பழுது என்று வெளியே வந்தது 650 ரூபாய் எர்த் கேபிள், அதாவது பேட்டரி நெகட்டிவை வண்டி உடம்போடு இணைக்கிற கம்பி. எந்தக் கம்பெனி வண்டியானாலும் எங்கள் ஊரில் இந்தச் சின்ன லோடருக்குப் பாப்கேட் என்றுதான் பெயர், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன். ஒர்க்‌ஷாப் பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன்.

பழுது ஆரம்பித்தது இப்படித்தான். கூண்டுக்கு அடியில் எரு அள்ளிக்கொண்டிருக்கும்போது திடீரென்று டிஸ்ப்ளேயில் எல்லா விளக்கும் ஒரு தடவை மின்னும், பூம் (பக்கெட்டைத் தூக்குகிற கை) தூக்காது, வண்டி நகராது, என்ஜின் மட்டும் ஓடும். சாவியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலை செய்யும். முதலில் வாரத்துக்கு ஒரு தடவை வந்தது, அப்புறம் தினமும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சில நாள் செல்ஃப் மோட்டார் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். இந்த ‘டக்’ விஷயத்தை ஆபரேட்டர் தம்பி பழுது பார்க்க வந்த சர்வீஸ்காரரிடம் இரண்டு தடவை சொன்னான். அவர் காதிலேயே வாங்கவில்லை.

வந்தவர் லேப்டாப் மாட்டினார். சீட் சென்சார், சீட் பார் சென்சார், லிஃப்ட் லாக் சாலினாய்டு, வலது ஜாய்ஸ்டிக் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஒன்பது எரர் வரிசையாக வந்தது. பேட்டரி வோல்டேஜ் குறைவு என்றும் அதில் ஒன்று இருந்தது. அதைத் தாண்டிப் போய்விட்டு, “சார், சமீபத்தில் வண்டியில் வெல்டிங் வைத்தீர்களா?” என்று கேட்டார். பக்கெட் விளிம்பு தேய்ந்து போன மாசம்தான் பட்டை வைத்து வெல்டிங் செய்திருந்தோம். “அதான் சார், வெல்டிங் கரன்ட் ஏறி கன்ட்ரோலர் போச்சு” என்றார். வண்டியின் சென்சார்களைப் பார்த்து அதை இயக்குகிற மின்னணுப் பெட்டிதான் கன்ட்ரோலர், போர்டு என்பதும் அதைத்தான். பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் கன்ட்ரோலர் போகலாம் என்பது உண்மைதான், எல்லோருக்கும் தெரியும். தப்பு நம் மேல் என்று தோன்றியதும் நான் மேற்கொண்டு கேள்வி கேட்கவே இல்லை. அன்றைக்கு இரண்டு டெர்மினலையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் வெல்டரைக் கூப்பிட்டதாக ஆபரேட்டர் சொன்னது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. அதற்குள் அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன்.

புது போர்டு என்று சொல்லி மாட்டிவிட்டுப் போனார்கள். பில் கேட்டதற்கு “ஜிஎஸ்டி போட்டால் இன்னும் 18 சதவீதம் ஏறும் சார்” என்று கையெழுத்தில் ஒரு சீட்டு கொடுத்தார்கள், சீரியல் நம்பர் எதுவும் அதில் இல்லை. பழைய போர்டை “ஆய்வுக்கு அனுப்பணும்” என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் ஆபரேட்டர் போன் செய்தான்: “அண்ணா, மணி மீட்டர் 4,118 காட்டுதுங்க.” வண்டி இதுவரை மொத்தம் ஓடிய மணி நேரம் அது. முந்தின நாள் வேலைச் சீட்டில் எங்கள் வண்டி 2,640 மணி. சர்வீஸ்காரரைக் கேட்டால், சாஃப்ட்வேர் ஏற்றும்போது அப்படித்தான் காட்டும் என்றார். மணிக்கணக்கு போர்டோடு சேர்ந்து வந்திருக்கிறது. ஏற்கனவே 4,118 மணி ஓடிய வேறு வண்டியின் போர்டைப் புதுசு என்று எனக்கு விற்றிருக்கிறார்கள், வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

பதினோராவது நாள் அதே பழுது, அதே ஷெட், அதே இடம். இப்போது ஒயரிங் லூம் (வண்டிக்குள் ஓடுகிற ஒயர் கட்டு) முழுசாக மாற்றணும், இன்னும் 60,000 ஆகும் என்றார்கள். அப்போதுதான் நிறுத்தினேன்.

லாரி பட்டறைத் தெருவில் நாற்பது வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பாப்கேட் வேலையே செய்ததில்லை. “என்ன வண்டியா இருந்தா என்னங்க தம்பி, 12 வோல்ட்டுதானே” என்றார். நான் எரர் லிஸ்ட்டைக் காட்டியதும் அவர் சொன்னதுதான் எனக்கு இந்த ஐந்து வாரத்தில் கிடைத்த ஒரே உருப்படியான பேச்சு: “ஒன்பது சாமான் ஒரே நாள்ல கெடாதுங்க. ஒன்பதுக்கும் பொதுவா இருக்கிறதைப் பாருங்க.” ஒன்பதுக்கும் பொதுவாக இருப்பது கரன்ட் வருகிற வழியும் திரும்பிப் போகிற வழியும்தான்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தின் தலையிலேயே வைத்தார் (கிளாம்ப் மேல் இல்லை, ஈயக் கம்பத்தில்), இன்னொன்றை என்ஜின் பாடியில். என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். அந்த இடத்தில் அரை வோல்ட்டுக்குள் இருக்கணும், 0.2 தாண்டாமல் இருந்தால் நல்லது. எங்களுக்கு 1.9 காட்டியது. என்ஜின் பாடியில் இருந்த முள்ளை எர்த் கேபிள் சேஸிஸில் முறுக்கியிருக்கிற போல்ட்டுக்கு மாற்றி மறுபடி அடிக்கச் சொன்னார், அப்போதும் கிட்டத்தட்ட அவ்வளவே. அப்படியென்றால் கோளாறு கம்பத்துக்கும் அந்த போல்ட்டுக்கும் நடுவில். போல்ட் இருந்த இடத்தில் எரு காய்ந்து கல்லாகப் படிந்திருந்தது, சுரண்டி எடுத்துக் கேபிளைக் கழற்றினார். வெளியே பார்த்தால் கறுப்புத் தோல் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கிறது. லக்குக்கு (கேபிள் நுனியில் போல்ட்டில் மாட்டுகிற உலோகத் துண்டு) பக்கத்தில் பிளேடால் ஒரு கீறு கீறினார், உள்ளேயிருந்து நீலமும் பச்சையுமாகப் பொடி கொட்டியது. செம்பு நரம்பு என்று நாலோ ஐந்தோதான் மிச்சம். இதே கேபிளை அந்த சர்வீஸ்காரரும் மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார், கன்டினியூட்டி ‘பீப்’ என்றதும் நல்லது என்று விட்டுவிட்டார். ஒரு நரம்பு ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். ஆனால் செல்ஃப் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த நாலு நரம்பில் போகாது. லோடு கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

புதுக் கேபிள் போட்டு, போல்ட் இடத்தை எமரி பேப்பரால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, வாஸ்லின் தடவி முறுக்கினார். அதே சோதனையில் இப்போது 0.1 வோல்ட்தான் காட்டியது. மூன்று மாதம் ஆகிறது, ஒரு தடவைகூட வண்டி நிற்கவில்லை.

கோழி எருவில் இருக்கும் அமோனியாவும் ஈரமும் சேர்ந்தால் செம்பை அரித்துவிடும், தோல் மேலே நன்றாக இருந்தாலும் லக் வழியாக உள்ளே ஏறும். 1957ல் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் கெல்லர் சகோதரர்கள் இந்த மாதிரி வண்டியை முதன்முதலில் செய்ததே ஒரு வான்கோழிப் பண்ணைக்காரருக்கு எரு அள்ளத்தான். அன்றைய வண்டியில் இத்தனை சென்சாரும் கன்ட்ரோலரும் கிடையாது. இன்றைக்கு வோல்டேஜ் கொஞ்சம் தடுமாறினாலே கன்ட்ரோலர் பாதுகாப்புக்காகப் பூமையும் வீலையும் பூட்டிவிடுகிறது, அது அதன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதைக் காட்டி போர்டு போச்சு என்று சொல்வது எளிது, நமக்கோ மறுத்துப் பேச ஒன்றும் தெரியாது.

அதனால் யாராவது போர்டு என்று ஆரம்பித்தால் முதலில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள், என்ஜின் நிற்கும்போது 12.6 கிட்டேயும் ஓடும்போது 14 கிட்டேயும் இருக்கணும். அப்புறம் மேலே சொன்ன எர்த் சோதனையைச் செல்ஃப் அடித்துக்கொண்டே உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. முடியாது என்று மழுப்பினால் அந்த ஆள் வேண்டாம். கேபின் தூக்குகிற இடத்தில் லூம் உரசியிருக்கிறதா, ஒயர்களை இணைக்கிற கப்ளருக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்றித்தான் ஆகணும் என்றால் சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். பழைய போர்டை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

என் போர்டைத் திருப்பிக் கேட்டதற்கு ஸ்கிராப்பில் போட்டாச்சு என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்தேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதியிருக்கிறேன். தொழிலுக்கு வாங்கிய வண்டி என்று தள்ளப் பார்க்கிறார்கள், ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வைத்திருந்தால் சட்டத்தில் இடம் இருக்கிறது. பச்சைப் பொடியோடு அந்தக் கேபிளையும் இரண்டு நாள் வேலைச் சீட்டையும் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

சமீபத்தில் போர்டு மாற்றியவர்கள் உங்கள் மணி மீட்டரைப் பழைய சீட்டோடு ஒத்துப் பாருங்கள். மாற்றின அன்றைக்கு 2,640 காட்டியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அது என் போர்டு, நல்ல போர்டு.