மேகத்துக்கு யாரும் பொறுப்பில்லை, நிலாவுக்கு உண்டு: ஜோகூர் ‘இருள்வான முகாம்’ பற்றி ஓர் எச்சரிக்கை

ஜூன் பள்ளி விடுமுறைக்கு முன் இங்கே சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றியது. இரண்டு பகல், ஓர் இரவு, ஆளுக்கு 268 வெள்ளி. மலேசியாவின் ஜோகூர்ப் பக்கம் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காக் காட்டுக்குள் கூடாரம், வெறுங்கண்ணால் பால்வீதி, தொலைநோக்கியில் கோள்கள், ஆற்றுக் குளியல். முழுப் பணத்தையும் முன்கூட்டியே, கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பிவிட வேண்டும்.

பணம் கட்டிப் போனவர்களுக்குக் கிடைத்தது ஜோகூரின் கோத்தா திங்கி ஊர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஓரமாக ஒரு தனியார் திடல். நள்ளிரவு வரை ஜெனரேட்டர் ஓடியது, வெள்ளை விளக்கு எரிந்தது. தலைக்கு மேலே பால் வார்த்ததுபோல் நிலா. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “வானிலை எங்க கையில இல்லைங்க” என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அன்றிரவு வானத்தில் மேகம் பெரிதாக இல்லை. பால்வீதியை மறைத்தவை நிலாவும் விளக்கும் மரமும்தான். மூன்றையும் பணம் வாங்கிய அன்றே கணக்கிட்டுச் சொல்லியிருக்க முடியும். பணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது.

முதலில் தேதி. பயணம் வைகாசி விசாகத்தை ஒட்டிய வார இறுதியில் வைக்கப்பட்டிருந்தது. வீட்டுச் சுவரில் தமிழ் நாள்காட்டி தொங்குகிறவர்கள் அதிலேயே பிடித்திருக்கலாம். விசாகம் பௌர்ணமியையோ அதற்கு முந்தைய ஓரிரு நாளையோ ஒட்டித்தான் வரும். பால்வீதியின் பிரகாசமான நடுப்பகுதி இருப்பது மூல நட்சத்திரத்துக்குப் பக்கத்தில். விசாகம், அனுஷம், கேட்டை, மூலம் என்று எண்ணிப் பாருங்கள்: நிலா மூன்றே நட்சத்திரம் தள்ளி நிற்கிறது. அதாவது ஆண்டிலேயே நிலவொளி பால்வீதியின் மையத்தை மிக மோசமாக அழிக்கும் நாள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பால்வீதி காட்டுவதாக விற்றிருக்கிறார்கள். அறியாமையா துணிச்சலா, தெரியவில்லை.

சரியான நாள் என்றால் அமாவாசைக்கு நான்கைந்து நாள் முன்பிருந்து மூன்று நாள் பின்பு வரை. மூன்றாம் பிறை இரவு பத்து மணிக்குள் மறைந்துவிடும், தொல்லை இல்லை. மாதமும் முக்கியம். ஜோகூரிலிருந்து பார்த்தால் ஜூன் நடுவில் அந்த நடுப்பகுதி இரவு 1 மணிவாக்கில் தெற்கே உச்சத்துக்கு வரும், ஏறக்குறைய 58 பாகை உயரத்தில். ஆகஸ்ட் நடுவில் அதே இடத்துக்கு 9 மணிவாக்கிலேயே வந்துவிடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் தோது, புகைமூட்டம் இல்லாவிட்டால். மார்ச்சில் விடியலுக்கு முன் எழ வேண்டும். டிசம்பரில் சூரியனே அந்தப் பக்கம் நிற்பதால் கண்ணில் படவே படாது. ஆண்டு இறுதி விடுமுறைக்குப் ‘பால்வீதி முகாம்’ என்று யாராவது விற்றால், மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்து இடம். எண்டாவ் ரொம்பின் பெயரைப் போட்டு வேறு எங்கோ இறக்கிவிடுவது சுலபம், ஏனென்றால் பயணிகளில் பலருக்கு அந்த வழி தெரியாது. ஜோகூர்ப் பக்கத்துப் பெத்தா நுழைவாயில் கஹாங் ஊரிலிருந்து 56 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பெரும்பகுதி மண்பாதை, நான்கு சக்கர விசை வண்டிதான் போகும். சிங்கப்பூர் எல்லையில் உட்லண்ட்ஸில் ஏறிய குளிர்சாதனப் பேருந்து கூடார வாசலிலேயே கொண்டுபோய் விட்டது என்றால் அது பெத்தா இல்லை. பூங்காவுக்குள் நுழைய அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். எந்த நுழைவாயில், எங்கே வண்டி மாற்றுகிறோம், அனுமதிச் சீட்டு எங்கே என்று மூன்று கேள்வி கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பூங்காவை மூடிவிடுவது வழக்கம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

வேறு முகாம் என்றால் கூகல் மேப்ஸ் புள்ளியை வாங்கி, ஒளி மாசு வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். 2016இல் வெளிவந்த உலக இரவுவான ஆய்வில் ஒளி மாசு மிக அதிகமுள்ள நாடு சிங்கப்பூர்தான். நகர விளக்குகள் வானில் எழுப்பும் இந்த ஒளிக் குவிமாடம் ஜோகூர் பாருவின் வெளிச்சத்தோடு சேர்ந்து கோத்தா திங்கியின் தெற்கு வானத்தை வெளுக்க வைக்கிறது. தெற்கில் தாழ நிற்கும் தென்சிலுவையைத்தான் அது முதலில் பாதிக்கும். விளம்பரத்தில் ‘போர்ட்டில் 2’ என்று போட்டிருந்தது. போர்ட்டில் என்பது வானத்தின் இருளை அளக்கும் அளவுகோல். அந்த அளவுகோலில் 1 மிக இருண்ட வானம், 9 நகர மையம். எண்ணை யார் வேண்டுமானாலும் எழுதலாம். வரைபடம் பொய் சொல்லாது.

காடு இருட்டாக இருந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. மழைக்காட்டு மரங்களின் கீழே நின்றால் இலைதான் தெரியும். தெற்கு திறந்திருக்கும் வெட்டவெளியோ அகன்ற ஆற்றங்கரையோ வேண்டும். ஆனால் ஆற்று மணல்திட்டில் கூடாரம் போடக் கூடாது. மேலே எங்கோ மழை பெய்தால், இங்கே ஒரு துளி விழாமலே வெள்ளம் திடீரென்று இறங்கும். மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்பது இதைத்தான். வானம் பார்க்க ஆற்றோரம், தூங்க மேட்டு நிலம்.

விளம்பரப் படத்தை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். அதில் நட்சத்திரங்கள் மரங்களுக்கு மேலே உயரத்தில் ஒரு புள்ளியைச் சுற்றி வட்டமடித்திருந்தன. வடக்கே நட்சத்திரங்கள் வட்டமடிப்பது வடதுருவ நட்சத்திரத்தைச் சுற்றித்தான், அதன் உயரம் பார்க்கும் ஊரின் அட்சரேகைக்குச் சமம். எண்டாவ் ரொம்பினில் அது அடிவானத்திலிருந்து இரண்டரை பாகை, புதர் உயரம்கூட இருக்காது. அந்தப் படம் பூமத்திய ரேகையிலிருந்து தள்ளியிருக்கும் ஏதோ ஒரு நாட்டில் எடுத்தது.

தொலைநோக்கி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெட்டியில் ‘525 மடங்கு’ என்று அச்சடித்த 70 மில்லிமீட்டர் கருவி அது. வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில் எவ்வளவோ அதைப் போல் இரு மடங்குதான் உருப்படியான பெருக்கத்தின் எல்லை, இங்கே 140. அதற்கு மேல் போனால் ஆடுகிற மங்கல் உருண்டைதான் தெரியும். பால்வீதிக்கு 10×50 இருகண்ணோக்கியே மேல். அதற்கும் கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் தேவை, யாராவது கைப்பேசியைத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து. சிவப்பு விளக்கு மட்டும்தான் என்று எழுத்தில் சொல்லாத ஏற்பாட்டாளர் வானம் பார்த்தவரே இல்லை.

கூடாரங்களோ கடற்கரைக்குப் போடும் ஒற்றைத் துணி ரகம். மேல் மழைத்துணி கிடையாது. வெளியே மழை இல்லாமலே விடியற்காலையில் உள்ளே சொட்டும், மூச்சின் ஈரம் துணியில் படிவதால். தரைவிரிப்பைக் கூடாரத்துக்கு வெளியே நீட்டி விரித்திருந்தார்கள். நீட்டிய பகுதி மழைநீரைப் பிடித்து அடியில் கொண்டுவரும், ஆகவே எப்போதும் உள்பக்கம் மடிக்க வேண்டும். ‘நால்வர் கூடாரம்’ என்றால் ஆளுக்கு 60 சென்டிமீட்டர், பை வைக்க இடமில்லை. நால்வருக்கு ஆறுபேர் அளவு கேளுங்கள். கூடாரம் அடித்துப் பழக மட்டும் என்றால் புலாவ் உபினோ பாசிர் ரிஸ் பூங்காவோ போதும், வானத்தை மட்டும் அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

பணம். போக்குவரத்தும் தங்குமிடமும் சேர்த்துப் பயணம் விற்பவருக்குச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். அதன் ‘டிரஸ்ட்’ இணையத்தளத்தில் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். பேநவ்வில் நிறுவனப் பதிவு எண் வராமல் தனியாள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ அமைப்பை நாடலாம், அல்லது சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளி. மனுவில் ‘பால்வீதி தெரியவில்லை’ என்று எழுதாதீர்கள், அதற்கு மேகத்தைக் காட்டித் தப்பிப்பார்கள். சொன்ன பூங்கா இல்லை, சொன்ன இருள் இல்லை, பௌர்ணமியை ஒட்டிய நாள் என்பதை மறைத்தார்கள் என்று எழுதுங்கள்.

ஆதாரத்தை அங்கேயே எடுத்துவிட வேண்டும்: இருப்பிடப் புள்ளியோடு திரைப்பிடிப்பு, எரியும் விளக்கும் நிலாவும் ஒரே படத்தில், கூடாரத்தின் உள்பக்கம். வாட்ஸ்அப் உரையாடலையும் விளம்பரப் படத்தையும் கடற்பாலம் தாண்டுவதற்குள் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். இந்த முறை பேருந்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றபோதே ஏற்பாட்டாளர் எல்லாரையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.