பழைய லேத்துக்கு எந்த மோட்டார்? பேக் கியரைக் கழற்றும் முன் ஓர் அலசல்

பழைய இரும்பு விலைக்கு ஒரு கோன் புல்லி லேத்தை (படிப்படியான புல்லியில் பெல்ட்டை மாற்றிப் போட்டு வேகம் மாற்றும் கடைசல் இயந்திரம்) வாங்கி வருபவர் முதலில் கேட்பது ஸ்பீடு கன்ட்ரோலைத்தான். குன்னூரில் அதற்கு முந்தைய வேலை துரு. மேகம் இறங்கும் மாதங்களில் ஒரு ராத்திரி எண்ணெய் தடவாமல் விட்டால் போதும், பெட் (லேத்தின் நீண்ட அடித்தளம்) முழுக்கச் செம்பழுப்பு. மண்ணெண்ணெயில் கழுவி, ஸ்பிண்டில் (சுழலும் முதன்மைத் தண்டு) ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்து, நகரும் பாகங்களின் ஆட்டத்தைக் குறைக்கும் கிப் பட்டையை இறுக்கிய பிறகே மோட்டார் பேச்சு. சக் (வேலைத் துண்டைப் பிடித்துச் சுழற்றும் பாகம்) பக்கத்தில் பெட் தேய்ந்து குழிந்திருந்தால் கிரைண்டிங்குக்குக் கோயம்புத்தூர் இறக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு தெரியாமல் மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் வாங்காதீர்கள்.

சிங்கிள் பேஸ் கெபாசிட்டர் மோட்டார்தான் சுலபம்; ஸ்பீடு மாற்ற பெல்ட்டை மாற்றிப் போட்டால் ஆயிற்று. அதில் ஃபேன் ரெகுலேட்டர் மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. வேகம் குறைந்ததும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் மறுபடி மூடி, ஸ்டார்ட்டிங் வைண்டிங் கருகும்.

ட்ரெட்மில் டிசி மோட்டார் மலிவு என்பதால் பலருக்கும் ஆசை. நேம் பிளேட்டில் 2 எச்பி என்றிருக்கும். ஆனால் அது நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேல் ஓடும்போது கிடைக்கும் சக்தி. பெரிய புல்லி போட்டு இறக்காவிட்டால் கனத்த கட் எடுக்கும்போது திணறும். உடல் திறந்த மோட்டார் வேறு. இரும்புத் துருவல் உள்ளே போனால் கதை முடிந்தது. மர லேத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் ஓட்டு த்ரீ பேஸ் மோட்டாரும் விஎஃப்டியும் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) சேர்ந்த ஜோடிக்கு. வீட்டு 230 வோல்ட் சிங்கிள் பேஸே போதும். சிக்கல் மோட்டாரில்தான். நம் ஊரில் 1 எச்பி மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட் ஸ்டார் கனெக்ஷனில் (மூன்று வைண்டிங்கின் ஒரு முனையும் ஒரே முடிச்சில் சேரும்) வரும். விஎஃப்டி வெளியே தருவது 230 வோல்ட், ஆகவே வைண்டிங்குகளை முக்கோணமாக இணைக்கும் டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு முனை இருக்கிறதா பாருங்கள். மூன்றுதான் என்றால் ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள்ளேயே இருக்கும். ரிவைண்டிங் கடையில் வெளியே எடுத்துத் தருவார்கள்.

மலைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு. டிரைவ்களின் ரேட்டிங் பொதுவாக 1000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். அதற்கு மேல் 100 மீட்டருக்குச் சுமார் 1 சதவீதம் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் இது 12 சதவீதம். காற்று மெலிவதால் சூடு ஆறாது. நம் குளிர் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். இருந்தாலும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, மூடிய பெட்டிக்குள் வையுங்கள். ஈரம் முத்துமுத்தாகக் கோக்கும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்.

விஎஃப்டி வந்ததும் பேக் கியரை (ஸ்பிண்டில் வேகத்தைக் குறைத்து டார்க்கை, அதாவது திருகு விசையை, கூட்டும் பல்சக்கரங்கள்) கழற்றி வீசுகிறார்களே, அதுதான் எனக்கு ஆகாது. 50 ஹெர்ட்ஸில் 1440 சுற்று ஓடும் மோட்டாரை 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் டார்க் ஏறாது, பவர் ஐந்தில் ஒன்றாகும். மோட்டாரின் சொந்த ஃபேனும் சோம்பி, சூடேறும். 6:1 பேக் கியர் போட்டாலோ டார்க் ஏறக்குறைய 6 மடங்கு. பெரிய விட்டத்துக்கும் மரை வெட்டவும் கியர், இடைப்பட்ட நுணுக்கத்துக்கு டிரைவ். 50 ஹெர்ட்ஸைத் தாண்டவும் அவசரம் வேண்டாம். பழைய வெண்கல புஷ்ஷும் வார்ப்பிரும்பு சக்கும் அந்த வேகத்துக்குச் செய்தவை அல்ல.

பழைய சுவிட்சை மோட்டாருக்கும் டிரைவுக்கும் நடுவே போடாமல், டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலில் இணையுங்கள். மரை போட்டு மாட்டும் சக் என்றால் ரிவர்ஸையும் சடன் பிரேக்கையும் செட்டிங்கிலேயே அணைத்துவிடுங்கள். சக் கழன்று பெட் மேல் விழும்.

தேயிலை ஃபேக்டரிக்கு ஒரே அளவு புஷ் கடைந்து தருவதுதான் தொழில் என்றால், கெபாசிட்டர் மோட்டாரே தாராளம். மிச்சப் பணத்தில் நல்ல நான்கு தாடை சக் ஒன்று வாங்கிவிடலாம்.