செடியின் வாசனையைப் படிக்கும் பாலிமர் சென்சார்: பல பருவங்கள் பயன்படுத்திய பிறகு

மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் ஒரு தக்காளி இலையைக் கசக்கிப் பாருங்கள். சில நொடிகளில் ஹெக்ஸினால் வகைச் சேர்மங்கள் கிளம்பிவிடும். பச்சை வாசனை என்கிறோமே, அதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம். சென்சாரின் திரையில், படலத்துக்கு ஒன்றாக ஓடும் கோடுகள் ஒவ்வொன்றாக மேலேறும். இத்தனை பருவங்கள் கழிந்தும் அதைப் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் குறையவில்லை.

நான் பயன்படுத்துவது கார்பன் பிளாக் என்னும் நுண்ணிய கரித்தூள் கலந்த பாலிமர் படலங்களாலான சென்சார் வரிசை. ஆவியை உறிஞ்சிய படலம் உப்பும், உள்ளிருக்கும் கார்பன் துகள்கள் விலகும், மின்தடை கூடும். பாலிஎத்திலீன் கிளைகால் படலம் ஆல்கஹால்களுக்கு நன்றாக அசையும். லிமோனீன், பைனீன் போன்ற டெர்பீன்களுக்கு, அதாவது செடிகளின் வாசனை எண்ணெய்ச் சேர்மங்களுக்கு, பாலிஐசோபியூட்டிலீன் பொருத்தம். ஆனால் எந்தப் படலமும் ஒரே சேர்மத்துக்கு மட்டும் அசைவதில்லை. அதனால் தனிக் கோட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லாக் கோடுகளும் சேர்ந்து தரும் வடிவத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

பெரிய தலைவலி ஈரப்பதம். இலை ஓயாமல் நீராவியை விட்டுக்கொண்டே இருக்கிறது. நாம் தேடும் சேர்மங்கள் பெரும்பாலும் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் இருக்க, நீராவி சதவீதக் கணக்கில் நிற்கிறது; ஒரு சதவீதம் என்றால் ஒரு கோடி பிபிபி! சிலிக்கா ஜெல் வைத்து உலர்த்தலாமே என்று பலரும் கேட்கிறார்கள். அது தண்ணீரோடு ஹெக்ஸினால், ஹெக்ஸனால் போன்றவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எனக்குக் கைகொடுத்த வழி வேறு: செடிக் காற்றோடு ஒப்பிடுவதற்கான வெறும் காற்றைக் கரி வடிகட்டியில் சுத்தம் செய்து, தண்ணீருக்குள் குமிழிடவிட்டு, செடிக் கலத்தின் ஈரப்பதத்துக்கே கொண்டுவருவது. பேஸ்லைன், அதாவது அந்த வெறும் காற்றில் கோடு நிற்கும் அடிமட்டம், அடங்கிய பிறகு தெரியும் ஏற்றத்தைத் தாராளமாக நம்பலாம். வெப்பநிலையும் மாறக்கூடாது, சூடு ஏறினால் படலம் உறிஞ்சும் அளவு குறைந்துவிடும்.

பூச்சி தாக்கிய செடிகள் பலவும் விடும் மெத்தில் சாலிசிலேட் எளிதில் ஆவியாகாது. படலத்தை விட்டு வெளியேற நேரம் எடுக்கும். கோடு பழைய இடத்துக்கு இறங்கும்வரை காத்திருந்துதான் அடுத்த இலையை வைக்க வேண்டும், இதில் அவசரமே கூடாது. அளவு மிகக் குறைவாக இருந்தால் ஆவியை உறிஞ்சிப் பிடிக்கும் டெனாக்ஸ் துகள்கள் நிரப்பிய குழாயில் சேகரித்து, சூடாக்கி, செறிவாக்கி அனுப்புவேன். வேலை கூடும்தான், ஆனால் பலன் கண்கூடு.

தானே மின்சாரம் கடத்தும் பாலிமரான பாலிஅனிலீனில் செய்த சென்சார் வைத்திருப்பவர்கள் உரத்தைக் கவனியுங்கள். யூரியா போட்ட மண்ணிலிருந்து வரும் அமோனியாவுக்கு அது பலமாகத் துள்ளும், செடியின் குரல் அதில் அமுங்கிப்போகும்.

உலோக ஆக்சைடு சென்சார்கள் பலவற்றையும் 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டியிருக்கிறது. என் கார்பன் பிளாக் சென்சார் அறை வெப்பத்திலேயே வேலை செய்வதால் பேட்டரி நீடிக்கும், இலைக்கு அருகிலேயே வைக்கலாம். மாதங்கள் போகப் போகப் படலம் மூப்படைந்து பேஸ்லைன் நகரும். தெரிந்த செறிவுள்ள ஆவியைக் கொடுத்துச் சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

காய் பழுப்பதை அறிய எத்திலீனைத் தேடுபவர்கள் இந்த வகையை வாங்க வேண்டாம். அவ்வளவு சிறிய, லேசான மூலக்கூறு இந்தப் படலங்களில் தங்குவதே அரிது.