நாலு வருடத்தில் மூன்றாவது நாசில்

காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் என் ஏர்பிரஷ் ரிப்பேர் முடிந்து நேற்று மாலைதான் கைக்கு வந்தது. வந்த அன்றே ஒரு நண்பர் போனில் கேட்டார்: "இப்ப விலை குறைஞ்சிருக்கு போல, நானும் அதையே வாங்கிடட்டுமா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

0.3 மி.மீ. ஊசி, டபுள் ஆக்‌ஷன் (விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட்), பெயின்ட் கிண்ணம் மேலே இருக்கும் வகை. மாடல் செய்கிறவர்களுக்கு இது போதும். கம்பெனி பெயர் வேண்டாம், இதே அமைப்பில் பல கம்பெனிகள் விற்கின்றன.

நான் செய்வதெல்லாம் உப்புப் பாலைவனத்தில் வேகச் சாதனைக்காக ஓடிய கார்கள், 1:25 அளவில். சாதாரண கார் மாடலில் கதவுக் கோடு, குரோம் பட்டை, கைப்பிடி என்று கண் போய் நிற்க நிறைய இடம் உண்டு. பெயின்ட்டில் சின்னப் பிசிறு இருந்தாலும் அதில் மறைந்துவிடும். இந்த வண்டிகளில் ஒளிய இடமே கிடையாது. பில் பர்க் 1946-ல் பி-51 போர் விமானத்தின் கூடுதல் எரிபொருள் டாங்கை எடுத்து அதற்குள் கார் கட்டினார். பிறகு பி-38-இன் பெரிய டாங்குக்கு மாறினார். அலெக்ஸ் சைடியஸ் கட்டிய டாங்க் கார் 1952-ல் அமெரிக்காவின் போனவில் உப்புவெளியில் மணிக்கு 198 மைல் தொட்டது. காற்றைக் கிழிக்க வடிவமைத்த வழவழப்பான உருளை, நாலு சக்கரம், அவ்வளவுதான் வண்டி. மாடலிலும் அந்த வழவழப்பு வராவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

அந்த வழவழப்பை இந்த ஏர்பிரஷ் தருகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் வருடம் செய்த டாங்க் காரை இப்போதும் விளக்கடியில் திருப்பிப் பார்ப்பேன். ஜன்னல் கம்பியின் நிழல் மூக்கிலிருந்து வால் வரை நெளியாமல் ஓடும். அடுத்தது டொனால்ட் கேம்பல் 1964 ஜூலை 17 அன்று ஆஸ்திரேலியாவின் ஏர் (Eyre) உப்பு ஏரியில் மணிக்கு 403.10 மைல் வேகத்தில் ஓட்டிய புளூபேர்ட். அந்த நீலத்தை மூன்று மெல்லிய பூச்சில் முடித்தேன், பாலிஷ் கூடத் தேவைப்படவில்லை. விசையை அரை மயிரிழை பின்னால் இழுத்தால் அரை மயிரிழை அளவுக்குத்தான் பெயின்ட் வரும். கை நினைப்பதை அப்படியே செய்கிற கருவி இது.

அப்புறம் கோல்டன்ராட். சம்மர்ஸ் சகோதரர்கள் கிறைஸ்லர் கம்பெனியின் நான்கு 'ஹெமி' ரக இன்ஜின்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்துக் கட்டிய வண்டி. முன்பக்கம் காற்றில் மோதும் பரப்பைக் குறைக்கத்தான் அந்த ஒற்றை வரிசை. 1965 நவம்பர் 12 அன்று பாப் சம்மர்ஸ் அதை மணிக்கு 409.277 மைல் வேகத்தில் ஓட்டினார். அசல் வண்டியின் நீளம் 32 அடி, என் அளவில் 39 செ.மீ. பால்சா மரத்தில் செதுக்கி, மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர் பூசி, உப்புத்தாளை 400-ஆம் எண்ணில் தொடங்கி மிக மென்மையான 2000 வரை தேய்த்து முடிக்கவே இரண்டு மாதம் ஆனது. உப்பு ஏரியில் ஓடிய காருக்கு உப்புத்தாள் போடுகிறோம் என்று தேய்க்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம் வரும்.

நிறம், பெயருக்கேற்ற தங்கம். மெட்டாலிக் பெயின்ட்டில் மிதக்கும் பொடி, ஈரம் கூடிய இடத்தில் ஒரு மாதிரியும் காய்ந்தபடி விழுந்த இடத்தில் வேறு மாதிரியும் படியும். அதனால் 39 செ.மீ.யையும் மூக்கிலிருந்து வால் வரை நிற்காமல், ஒரே தூரத்தில், ஒரே மூச்சில் அடிக்க வேண்டும். இரண்டாவது பூச்சில் முக்கால்வாசி தாண்டியிருப்பேன், கிண்ணத்தில் குமிழி கிளம்பியது. அடுத்த நொடி துப்பியது. வால் துடுப்புக்குச் சற்று முன்னால் மிளகு அளவில் மூன்று சொட்டு.

இந்தக் குமிழிதான் என் நாலு வருட எரிச்சல். நாசில் என்பது பெயின்ட் வெளியே வரும் நுனியில் இருக்கும் அரிசி அளவுப் பித்தளைத் துண்டு, மரை போட்டு உடம்பில் திருகுவது. மரை கொஞ்சம் தளர்ந்திருந்தால் வெளியே சுற்றிப் போக வேண்டிய காற்று பெயின்ட் வரும் வழிக்குள் நுழைந்து கிண்ணத்தில் குமிழியாக ஏறும். சரி என்று ஸ்பேனரால் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் மரை தொடங்கும் கழுத்தில் முறிந்துவிடும். தளர்வுக்கும் முறிவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி எட்டில் ஒரு சுற்று கூட இருக்காது. ஒவ்வொரு முறை கழுவும்போதும் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இவ்வளவு நுணுக்கமாக ஊசியைத் தீட்டத் தெரிந்தவர்களுக்கு, மரை இல்லாமல் தானாக உட்காரும் நாசில் வைக்கத் தெரியாதா? அப்படி வரும் ஏர்பிரஷ்கள் கடையில் இருக்கின்றனவே!

அன்றைக்குக் கோபத்தில் இறுக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பாதி மரை உள்ளேயே நின்றுவிட்டது. வாங்கிய கடையில் கேட்டால் உடம்பையே மாற்றச் சொன்னார்கள். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். சதுர முனை உள்ள மெல்லிய அரத்தை உள்ளே மெதுவாகத் தட்டி இறக்கி, இடப்பக்கமாகத் திருப்பி, ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கையில் வைத்தார். புது நாசிலுக்குத்தான் ஆறு வாரம் காத்திருந்தேன். விலை, ஏர்பிரஷ் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. இதோடு மூன்றாவது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால் முதல் நாசில் போனது என் தவறு, காய்ந்த பெயின்ட்டை ஊசியால் குத்தி எடுக்கப் பார்த்தேன். மழைக்காலத்தில் குழாயில் தண்ணீர் கோத்துத் துப்பியதும் உண்டு, அதற்கு இதைக் குறை சொல்ல முடியாது. காற்றை அழுத்தித் தரும் கம்பிரசரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி மாட்டியதும் அது நின்றது. இப்போது மரையில் துளி தேன்மெழுகு தடவி, விரலால் மட்டும் திருகுகிறேன். நேற்று இரவு தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு நாசில் மிச்சம். கூட வந்த தாளில் ஸ்பேனர் படம்தான் போட்டிருக்கிறது.

நண்பருக்கு, வாங்க வேண்டாம் என்று பதில் அனுப்பிவிட்டேன். மரையில்லாத நாசில் உள்ளதாகப் பாருங்கள், பெயின்ட் அடிக்கும் தரம் இதைவிட ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை, நிம்மதி இருக்கும் என்றும் எழுதினேன். அதில் மாற்றமில்லை.

கோல்டன்ராடின் அந்த மூன்று சொட்டையும் இன்று காலை 2000 உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்தாயிற்று. தங்கம் மிச்சம் அரை பாட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியதும் இதே ஏர்பிரஷ்ஷால் மூக்கிலிருந்து தொடங்குகிறேன்.