ஆறு வயதுக் கடைவாய்ப் பல்: சீலன்ட் நல்லதா, வார்னிஷ் நல்லதா?

ஆறு வயதை ஒட்டி, பால் பற்களுக்குப் பின்னால் நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. அவற்றுக்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் பல வீடுகளில் அவற்றையும் பால் பல் என்றே எண்ணி, "விழப்போற பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். ஆயுள் முழுக்கச் சோறு மெல்ல வேண்டிய பல் அது. பிள்ளை வலி என்று அழும்போதுதான் வாயைத் திறந்து பார்க்கிறோம். பல நேரம் அதற்குள் சொத்தை வேர் வரை இறங்கியிருக்கும்.

இந்தப் பல்லின் மெல்லும் பரப்பில் உள்ள பள்ளங்கள் பிரஷ்ஷின் ஓர் இழையைவிடக் குறுகலானவை. எவ்வளவு கவனமாகத் தேய்த்தாலும் அடி வரை போகாது. பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் வரும் சொத்தையில் பத்துக்கு ஒன்பது பங்கு பின்பற்களில்தான் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். அந்தப் பள்ளத்தை அடைத்துவிடுவது சீலன்ட். பல்லின் மேல் ஃபுளோரைடைப் பூசி, பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலை உறுதியாக்குவது வார்னிஷ். பல் மருத்துவர் இரண்டையும் சொல்லும்போது எதைத் தேர்வது என்று பெற்றோர் திகைக்கிறார்கள்.

முதலில் சீலன்ட். 1955-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவோனகோர் என்ற பல் மருத்துவ ஆய்வாளர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சற்றுச் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். இன்றும் முறை அதுதான். பல்லைச் சுத்தம் செய்து, அமில ஜெல்லை அரை நிமிடம் போல வைத்துக் கழுவிக் காயவைத்தால் எனாமல் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். அதில் ரெசின் எனப்படும் அந்தப் பிசினை ஓடவிட்டு நீல ஒளி காட்டினால் சில நொடிகளில் இறுகிவிடும். ஊசி கிடையாது, துளைப்பதும் கிடையாது. பின்பற்களில் வரும் சொத்தையில் இரண்டு ஆண்டுகளுக்கு 80 சதவீதத்தையும், நான்கு ஆண்டுகள் வரை 50 சதவீதத்தையும் இது தடுக்கும் என்பது அதே மையத்தின் கணக்கு.

இதற்கு ஒரே எதிரி எச்சில். அமிலம் கழுவிய பின், ரெசின் வைக்கும் முன், ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் பிடிப்பு போய்விடும். ஆறு வயதுப் பிள்ளையின் நாக்கு ஓரிடத்தில் நிற்குமா? பாதி முளைத்த பல்லின் பின்பக்கம் ஈறு வேறு மூடியிருக்கும். சீலன்ட் சீக்கிரம் விழுந்துவிட்டதென்றால், வைத்த அன்று ஈரம் பட்டிருக்கிறதா என்பதையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

வார்னிஷுக்கு இந்தத் தொல்லை இல்லை. எச்சில் பட்டாலே அது உறைந்து ஒட்டிக்கொள்ளும். 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு, அதாவது 22,600 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு) ஃபுளோரைடு. நம் கடைகளில் விற்கும் ஃபுளோரைடு பேஸ்ட்டில் இருப்பது ஏறக்குறைய 1,000 தான். சில நிமிடங்களில் எல்லாப் பற்களுக்கும் பூசிவிடலாம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே வரும் சொத்தையைச் சீலன்ட் தடுக்காது, வார்னிஷ் ஓரளவு தடுக்கும். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூசியாக வேண்டும்.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த நல்ல ஆய்வு தெற்கு வேல்ஸில் நடந்தது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துச் சொச்சம் பேர். பாதிப் பேருக்குச் சீலன்ட், பாதிப் பேருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வார்னிஷ். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் முதல் கடைவாய்ப் பற்களில் சொத்தை வந்தவர்கள் சீலன்ட் பக்கம் 19.6 சதவீதம், வார்னிஷ் பக்கம் 17.5 சதவீதம். புள்ளியியல்படி இதில் வித்தியாசம் இல்லை. செலவில் வார்னிஷ்தான் குறைவு.

இதை வைத்து "வார்னிஷே போதும்" என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அங்கே நடமாடும் பல் மருத்துவ வண்டி பள்ளிக்கே போனது. பெற்றோர் நினைவு வைத்திருக்க வேண்டியதோ, விடுப்பு எடுக்க வேண்டியதோ இல்லை. நம் வீடுகளில் வலி வந்தால்தான் பல் மருத்துவரிடம் போகும் பழக்கம். முதல் வார்னிஷோடு நின்றுவிடும் பிள்ளைக்கு அந்த ஆய்வின் பலன் கிடைக்காது. சீலன்ட்டையும் அவ்வப்போது பார்த்துச் சரிசெய்ய வேண்டும்தான். ஆனால் சீலன்ட் விழுந்துபோன பல்லுக்கு, சீலன்ட்டே வைக்காத பல்லைவிட அதிக ஆபத்து இல்லை. எனவே, ஆறு மாதத்தில் திரும்பப் போவோம் என்ற உறுதி இல்லாத குடும்பம் சீலன்ட் வைத்துக்கொள்வதே நல்லது என்பேன். தவறாமல் போகக்கூடியவர்கள் வார்னிஷை நம்பலாம். ஏற்கெனவே சொத்தை வந்த வாய் என்றால் இரண்டும் வேண்டும்.

பல் பாதிதான் முளைத்திருக்கிறது, பிள்ளையும் ஒத்துழைக்கவில்லை என்றால் கிளாஸ் அயனோமர் என்ற இன்னொரு வகைச் சீலன்ட் உண்டு. ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், விரலால் அழுத்தியே வைத்துவிடலாம், ஃபுளோரைடும் கசியும். ரெசின் அளவுக்கு நிலைக்காது. பல் முழுதாக வெளிவரும் வரை காப்பாற்றினால் போதும், பிறகு ரெசினுக்கு மாறிக்கொள்ளலாம்.

பல்லில் தடவும் சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற திரவமும் இப்போது பேசப்படுகிறது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் நடந்த பெரிய ஆய்வில் அது சீலன்ட்டுக்குக் குறையாமல் வேலை செய்தது. சொத்தை விழுந்த இடத்தை நிரந்தரமாகக் கறுப்பாக்கிவிடும் என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். வெள்ளி ஒவ்வாமை இருந்தால் கூடாது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு நியாயமான பயம் உண்டு: "தண்ணியிலேயே ஃபுளோரைடு அதிகம், இது வேற எதுக்கு?" பல்லில் கறை விழுவது, பல் உருவாகும் வயதில் நாள்தோறும் குடிக்கும் நீரின் வழியே உடலுக்குள் போகும் ஃபுளோரைடால். ஆண்டுக்கு இரண்டு முறை பல்லின் மேல் பூசுவது அந்தக் கணக்கில் வராது. கறை படிந்த பல்லுக்கும் சொத்தை வரும். ஆனால் கறை கடுமையாக இருந்தால் அமிலம் எளிதில் ஏறாது, ரெசின் பிடிக்கக் கூடுதல் கவனம் தேவை. உங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வார்னிஷ் பூசிய அன்று முறுக்கு போன்ற கடினமான தின்பண்டமும் சூடான பானமும் வேண்டாம். மறுநாள் காலையில் பல் தேய்த்தால் போதும். பைன் மரப் பிசின் சேர்ந்த வார்னிஷ் வகைகள் உள்ளதால், ஒவ்வாமையோ கடும் ஆஸ்துமாவோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சீலன்ட் வைத்தால் ஒவ்வொரு முறை போகும்போதும் அது முழுதாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓரம் பெயர்ந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் நிரப்பலாம். பன்னிரண்டு வயதை ஒட்டி இரண்டாம் கடைவாய்ப் பற்கள் வரும். அந்த வயதில் பிள்ளை சொன்னபடி வாயைத் திறந்து வைத்திருக்கும். அவற்றுக்குத் தயங்காமல் ரெசின் சீலன்ட்டே கேளுங்கள்.