பணியிடப் பொறாமையைக் கையாளுதல்: சூப்பர்வைசர்களுக்கான இரண்டு நாள் பயிற்சி வகுப்பு குறித்த மதிப்பீடு

திருப்பூரில் ஓர் ஏற்றுமதிப் பனியன் நிறுவனத்தின் உற்பத்திப் பிரிவைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்து வருகிறேன். சென்ற ஆடி மாதத்தில், எங்கள் லைன் சூப்பர்வைசர்கள் பதினான்கு பேருடன் கோவையில் ஒரு பயிற்சி நிறுவனம் நடத்திய இரண்டு நாள் வகுப்பில் நானும் அமர்ந்தேன். பணியாளர்களுக்குள் எழும் பொறாமையைப் பொறுப்பில் இருப்பவர்கள் எப்படிக் கையாள வேண்டும் என்பதே வகுப்பின் பொருள். கட்டணம் ஒருவருக்கு 4,500 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. குறைகளையும் எழுதப் போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இந்த வகுப்பைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. புதிதாக வாங்கிய பிளாட்லாக் தையல் மெஷின் ஒன்றை மூன்றாம் லைனில் இருந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கொடுத்தோம். அடுத்த வாரமே அவர் தைத்த பீஸ்கள் செக்கிங்கிலிருந்து வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்பி வந்தன. தையலைப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. பண்டலை அவிழ்த்துப் பார்த்தபோதுதான் ‘எம்’ (M) அளவுத் துணிகளுக்குள் ‘எல்’ (L) அளவுத் துணிகள் கலந்திருப்பது தெரிந்தது. அவருக்குத் துணி எடுத்துக் கொடுத்த ஹெல்பரும் அதே மெஷினை எதிர்பார்த்து ஓராண்டாகத் தொழில் பழகி வந்தவர். சண்டை இல்லை, ஒரு கடுஞ்சொல்கூட இல்லை; ஆனாலும் அந்த ஆர்டர் மூன்று நாள் தாமதமாகத்தான் பேக்கிங்குக்குப் போனது.

முதல் நாள் வகுப்பைத் தயங்காமல் பாராட்டலாம். டச்சு மொழியில் பொறாமைக்கு இரண்டு தனிச் சொற்கள் இருப்பதைச் சொல்லித்தான் பயிற்சியாளர் தொடங்கினார். ‘நானும் அந்த இடத்துக்கு வர வேண்டும்’ என்று உந்துவது ஒன்று. ‘அவர் அங்கிருந்து இறங்க வேண்டும்’ என்று அரிப்பது மற்றொன்று. நெதர்லாந்தின் நீல்ஸ் வான் டி வென்னும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆய்வுகளில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்தவர் பெற்றது அவருடைய தகுதிக்கு உரியது என்று தோன்றும்போது முதல் வகையும், தகுதியில்லாமல் கிடைத்தது என்று தோன்றும்போது இரண்டாம் வகையும் எழுகிறது என்பது அவர்கள் கண்டது. ஒருவர் மனத்தில் பொறாமை எழுவதைச் சூப்பர்வைசரால் தடுக்க முடியாது. ஆனால் ஒரு வாய்ப்பு இன்னாருக்கு ஏன் போனது என்பதை எல்லாரும் அறியும்படி செய்வது அவர் கையில் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் இதை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

அன்று பிற்பகலில் ஒரு பயிற்சி நடந்தது. யாருக்கு நல்லது நடந்த செய்தி கேட்டு உங்கள் வயிறு எரிந்ததோ, அவர் பெயரை ஒரு தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டோம் என்றார்கள். எங்கள் கட்டிங் பிரிவின் மூத்த சூப்பர்வைசர், இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர், பென்சிலைப் பிடித்தபடி நெடுநேரம் எழுதாமல் இருந்தார். பிறகு ஒரே மூச்சில் எழுதி, தாளை நான்காக மடித்து, அதற்கு மேலும் மடிக்க முடியாத அளவுக்கு மடித்தார். திரும்பி வரும்போது வேனில் அவர் என்னிடம், “சார், இனிமேல் பசங்களைப் பார்த்து ‘உனக்கு ஏன் பொறாமை’ன்னு கேட்க மாட்டேன்” என்றார். அந்த ஒரு பேச்சுக்கே கட்டணம் தகும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் அந்த அளவுக்கு இல்லை. வெள்ளரித் துண்டு கொடுக்கப்பட்ட கபுச்சின் குரங்கு, பக்கத்துக் கூண்டில் அதே வேலையைச் செய்த குரங்குக்குத் திராட்சை கிடைப்பதைக் கண்டு வெள்ளரியைத் தூக்கி எறியும் படத்தைக் காட்டினார்கள். சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் 2003இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு அது. அதைப் பொறாமைக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு கூலி கொடுத்தால் எழுவது முறையீடு. அதற்குப் பொறாமை என்று பெயர் வைத்துவிட்டால், நியாயம் கேட்டு வருகிறவரை வயிற்றெரிச்சல்காரர் என்று சொல்லித் திருப்பி அனுப்பச் சூப்பர்வைசருக்கு நாமே வழி செய்து கொடுத்தவர்களாகிறோம். முதல் நாள் அவ்வளவு கவனமாகப் பிரித்துக் காட்டியவர்கள் இங்கே கோட்டை விட்டார்கள். ‘மாதத்தின் சிறந்த பணியாளர்’ பலகை வைக்கச் சொன்னதும் அப்படித்தான். காரணம் எழுதாமல் புகைப்படத்தை மட்டும் ஒட்டும் பலகை, முதல் நாள் பாடத்துக்கு நேர் எதிரானது.

இதைவிடப் பெரிய குறை, எங்கள் ஊரின் நடப்பை அவர்கள் தொடவே இல்லை என்பது. இங்கே ஒருவருக்கு நல்ல மெஷினோ கூடுதல் ஷிப்டோ கிடைத்தால் எழும் முதல் கேள்வி, “சூப்பர்வைசருக்குச் சொந்தமா, ஒரே ஊரா?” என்பதுதான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்யும் லைன்களில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. சாதி, ஊர், உறவு என்ற சொற்களே வராமல் இரண்டு நாளும் முடிந்தன. கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. பத்தாம் வகுப்போடு தையலுக்கு வந்து சூப்பர்வைசரானவர்களுக்கு அதனால் பயனில்லை. சாப்பாடும் இடவசதியும் நன்றாகவே இருந்தன.

வகுப்பிலிருந்து எடுத்து வந்தவற்றில் எங்களுக்கு உதவுவது காரணப் பதிவேடு. மெஷின் மாற்றம், ஓவர்டைம், பதவி உயர்வு ஆகிய மூன்றுக்கும், யாருக்கு, எதனால், அடுத்த வாய்ப்பு எப்போது என்று மூன்று வரி எழுதி லைன் முகப்பில் ஒட்டுகிறோம். அந்த ஹெல்பரையும் அழைத்துப் பேசினோம். பண்டலைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்காமல், வகுப்பில் கற்றபடி, “அவங்களுக்குக் கிடைச்சதுல உனக்கு எதும்மா வேணும்?” என்று லைன் சூப்பர்வைசர் கேட்டார். மெஷின் வேண்டும் என்பார் என்று எதிர்பார்த்தோம். தனக்கு எப்போது டெஸ்ட் வைப்பீர்கள் என்று யாரும் சொன்னதே இல்லை என்றார். தேதி சொன்னோம், பதிவேட்டிலும் எழுதினோம்.

தீபாவளி போனஸுக்கு முன்பாக இதே நிறுவனத்தை எங்கள் ஆலைக்கே அழைத்திருக்கிறேன். சட்டப்படியான குறைந்தபட்சம் 8.33 சதவீதமாக இருந்தாலும், அதற்கு மேல் யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு கேன்டீனில் தொடங்கும் காலம் அது. மூன்று நிபந்தனைகள் வைத்தேன்: கையேடு தமிழில் வேண்டும், ஊர், உறவு பற்றி ஒரு முழு அமர்வு வேண்டும், முதல் வரிசையில் எங்கள் முதலாளி உட்கார வேண்டும். முதல் இரண்டுக்கும் அவர்கள் உடனே சம்மதித்தார்கள். மூன்றாவதற்கு முதலாளியிடமிருந்து பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.